உலகக் கோப்பை: அரை இறுதிக்கு வருவது யார்? கோப்பையைத் தூக்குவது யார்?

(நமது மைசூர் நிருபர்)

மைசூர் கங்கோத்ரி மைதானத்தில் 2010-ம் ஆண்டு ஜனவரியில் நடந்த ரஞ்சிக் கோப்பை இறுதி ஆட்டத்தை நம்மவர்கள் பலர் நேரில் பார்த்திருப்பார்கள். அப்போது நான் வேலைக்கு வராத பையன். உட்கார இடம் கிடைக்காமல் நின்றுகொண்டே பார்த்தேன். கர்நாடக அணி வெற்றி பெற 338 ரன் தேவை. மணீஷ் பாண்டே 144 ரன் குவித்தார். கோப்பை கர்நாடகத்துக்குத்தான் என்று கூட்டம் முடிவு கட்டிவிட்டது. ஆனால் 331 ரன்னில் கடைசி விக்கெட்டும் விழுந்தது. 6 ரன் வித்தியாசத்தில் மும்பை கோப்பையைக் கொண்டுபோய்விட்டது.

அந்த நாளை இப்போது நினைவுபடுத்தக் காரணம் உண்டு. அடுத்த 50 ஓவர் உலகக் கோப்பைப் போட்டி 2027-ம் ஆண்டு அக்டோபர், நவம்பர் மாதங்களில் தென் ஆப்பிரிக்கா, ஜிம்பாப்வே, நமீபியா ஆகிய மூன்று நாடுகளில் நடைபெற இருக்கிறது. யார் ஜெயிப்பார்கள் என்ற பேச்சு டீக்கடைகளிலும், வேலை முடிந்து இளைப்பாறும் இடங்களிலும் இப்போதே தொடங்கிவிட்டது.

இதில் நாம் இரண்டு கேள்விகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். நன்றாக ஆடப்போகும் அணிகள் எவை என்பது ஒரு கேள்வி. கோப்பையை வெல்லப்போகும் அணி எது என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குக் கணக்குப் பார்த்து ஓரளவு பதில் சொல்லலாம். இரண்டாவதற்கு யாராலும் சொல்ல முடியாது. ஒரு ரயில் எந்த ஊர் வரை போகும் என்பது அட்டவணையில் இருக்கிறது. அது எத்தனை மணிக்கு வந்து நிற்கும் என்பதை அட்டவணையை மட்டும் நம்பிச் சொல்ல ரயில்வேயில் வேலை பார்க்கும் எனக்கே துணிவில்லை!

கணக்கு சொல்வது என்ன?

கடைசியாக நடந்த மூன்று உலகக் கோப்பைகளை எடுத்துக்கொள்வோம். 2015, 2019, 2023. மூன்றிலும் சேர்த்து அரை இறுதி இடங்கள் 12. அவற்றில் 9 இடங்களை மூன்றே அணிகள் பிடித்துக்கொண்டன. இந்தியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய மூன்றும் ஒவ்வொரு முறையும் அரை இறுதிக்கு வந்தன. மிச்சம் 3 இடங்களில் தென் ஆப்பிரிக்காவுக்கு இரண்டு, இங்கிலாந்துக்கு ஒன்று. ஆக, அரை இறுதிக்கு யார் வருவார்கள் என்று சொல்வது அப்படி ஒன்றும் பெரிய ஜோதிடம் அல்ல.

இனி அடுத்த கணக்கு. 2015-ல் நியூசிலாந்து இறுதி ஆட்டம் வரை ஒன்றில்கூடத் தோற்கவில்லை. மெல்போர்னில் நடந்த இறுதி ஆட்டத்தில் 183 ரன்னில் சுருண்டு, ஆஸ்திரேலியாவிடம் கோப்பையைப் பறிகொடுத்தது. 2019-ல் லீக் பட்டியலில் முதல் இடம் இந்தியாவுக்கு. நியூசிலாந்து ரன் விகிதத்தின் தயவில் நான்காவதாக உள்ளே வந்த அணி. அரை இறுதியில் அதே நியூசிலாந்து 18 ரன் வித்தியாசத்தில் இந்தியாவை வீட்டுக்கு அனுப்பியது. 2023-ல் இந்தியா தொடர்ந்து 10 ஆட்டங்களில் வென்றது. நவம்பர் 19-ந் தேதி ஆமதாபாத்தில் பதினொன்றாவது ஆட்டத்தில் தோற்றது.

லீக் ஆட்டங்களில் கொடி கட்டிப் பறந்த அணி இந்த மூன்று முறையும் கோப்பையைத் தொடவில்லை. 2003-லும் 2007-லும் ஆஸ்திரேலியா ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் கோப்பையை வென்றது உண்மைதான். அப்படிப்பட்ட அணி அடிக்கடி பிறப்பதில்லை.

ஒரு நாள் கூத்து

இதற்குக் காரணம் என்ன? லீக்கில் ஒரு நாள் சறுக்கினாலும் அடுத்த ஆட்டத்தில் ஈடு கட்டலாம். 2023-ல் ஆஸ்திரேலியா சேப்பாக்கத்தில் 199 ரன்னில் இந்தியாவிடம் சுருண்டது. அடுத்து லக்னோவில் தென் ஆப்பிரிக்காவிடமும் தோற்றது. ஆனாலும் எழுந்து வந்தது. அரை இறுதியிலும் இறுதியிலும் மறு வாய்ப்பு கிடையாது. டாஸ், மழை, மாலைப் பனி, ஒரே ஆட்டக்காரரின் கை ஆகிய நான்கில் ஒன்று போதும். ஆமதாபாத்தில் அந்தக் கை டிராவிஸ் ஹெட்டினுடையது. அவர் அடித்த 137 ரன் இந்தியாவின் பத்து வெற்றிகளையும் விழுங்கிவிட்டது.

1996-ல் தென் ஆப்பிரிக்கா லீக்கில் ஐந்துக்கு ஐந்தும் வென்றது. கராச்சியில் கால் இறுதியில் மேற்கு இந்தியத் தீவின் பிரையன் லாரா 111 ரன் அடித்தார். தென் ஆப்பிரிக்கா ஊருக்கு மூட்டை கட்டியது.

2003 கற்றுக்கொடுத்த பாடம்

2027 போட்டியில் 14 அணிகள் ஆடும். இரண்டு பிரிவுகளில் ஏழு ஏழு அணிகள். பிரிவுக்கு மூன்று அணிகள் 'சூப்பர் சிக்ஸ்' கட்டத்துக்குப் போகும். அங்கிருந்து நான்கு அணிகள் அரை இறுதிக்கு வரும். 2003-ல் தென் ஆப்பிரிக்கா, ஜிம்பாப்வே, கென்யா நாடுகளில் நடந்ததும் இதே முறைதான். ஆகவே அந்தப் போட்டியை ஒரு முறை புரட்டிப் பார்ப்பது நல்லது.

சொந்த மண்ணில் ஆடிய தென் ஆப்பிரிக்கா அந்த முறை முதல் சுற்றிலேயே வெளியேறியது. டர்பனில் இலங்கையுடன் நடந்த ஆட்டத்தில் மழை வரும் நேரம். கண்டியைச் சேர்ந்த தமிழரான முத்தையா முரளிதரன் 45-வது ஓவரை வீசினார். ஐந்தாவது பந்தை மார்க் பவுச்சர் சிக்சருக்குத் தூக்கினார். தேவையான ரன் வந்துவிட்டது என்று எண்ணிக் கடைசிப் பந்தைத் தட்டி வைத்தார். மழை கொட்டியது; ஆட்டம் நின்றது. பிறகுதான் தெரிந்தது, அந்த ஸ்கோர் 'டை' ஆவதற்கு மட்டுமே போதும் என்று! வெற்றிக்கு இன்னும் ஒரு ரன் வேண்டும். கணக்கை ஒரு ரன் தவறாகப் படித்ததால் ஒரு நாட்டின் கனவு கலைந்தது.

மறுபக்கம், யாரும் எதிர்பாராத கென்யா அரை இறுதிக்கு வந்தது. நைரோபிக்கு வர நியூசிலாந்து மறுத்ததால் ஆடாமலே புள்ளி கிடைத்தது. இலங்கையை அதே நைரோபியில் கென்யா ஆடியே வீழ்த்தியது. அந்தப் புள்ளிகள் சூப்பர் சிக்ஸ் கட்டத்திலும் கை கொடுத்தன.

நமது மைசூர்க்காரர் ஜவகல் ஸ்ரீநாத் அந்தப் போட்டியில் 16 விக்கெட் எடுத்தார். ஜோகன்னஸ்பர்க் இறுதி ஆட்டத்திலோ அவர் வீசிய 10 ஓவரில் ஆஸ்திரேலியா 87 ரன் குவித்தது. அவருக்கு அதுவே கடைசி ஒரு நாள் ஆட்டம். இந்தியா 125 ரன் வித்தியாசத்தில் தோற்றது. அந்த ஒரு நாளை வைத்து ஸ்ரீநாத்தை எடைபோட்டால் நியாயம் ஆகுமா?

அணிகளின் நிலை

தென் ஆப்பிரிக்கா: சொந்த மண். ஜோகன்னஸ்பர்க், செஞ்சூரியன் மைதானங்கள் கடல் மட்டத்திலிருந்து வெகு உயரத்தில் உள்ளவை. பந்து எகிறும், அடித்தால் தூரம் பறக்கும். இதற்குப் பழகியவர்கள் அவர்கள். ஐந்து முறை அரை இறுதிக்கு வந்தும் ஒரு நாள் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டத்தை எட்டாதவர்கள் என்ற பழி உண்டு. ஆனால் 2025 ஜூனில் லார்ட்ஸ் மைதானத்தில் ஆஸ்திரேலியாவை வென்று டெஸ்ட் உலகப் பட்டத்தைப் பெற்றார்கள். பயம் தெளிந்துவிட்டது என்றே தோன்றுகிறது.

ஆஸ்திரேலியா: ஆறு முறை கோப்பை வென்ற அணி. பெரிய ஆட்டத்தில் கை நடுங்காதவர்கள். இவர்களை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போடுபவர் ஏமாந்து போவார்.

இந்தியா: கடந்த நான்கு உலகக் கோப்பைகளிலும் அரை இறுதிக்கு வந்த அணி. 2024-ல் 20 ஓவர் உலகக் கோப்பை, 2025 மார்ச்சில் துபாயில் சாம்பியன்ஸ் கோப்பை என்று இரண்டை அடுத்தடுத்து வென்றது. தென் ஆப்பிரிக்கா நமக்கு ஆகாத இடம் என்று சொல்வது பழைய கதை. 2018-ல் அங்கே ஒரு நாள் தொடரை 5-1 என்று வென்றோம். அதில் குல்தீப் யாதவும் சாஹலும் மட்டும் 33 விக்கெட் எடுத்தார்கள். ஆனால் 2022-ல் அதே மண்ணில் மூன்றுக்கு மூன்றும் தோற்றோம் என்பதையும் மறக்கலாகாது.

நியூசிலாந்து: 2007 முதல் தொடர்ந்து ஐந்து முறை அரை இறுதி. ஒரு முறைகூடக் கோப்பை இல்லை. ஆர்ப்பாட்டம் இல்லாத அணி.

இங்கிலாந்து: 2019-ல் சாம்பியன். 2023-ல் ஏழாவது இடம். 2025 சாம்பியன்ஸ் கோப்பையில் மூன்று ஆட்டங்களிலும் தோல்வி. அடித்தால் மலை ஏறும், சறுக்கினால் பள்ளம்தான்.

ஆப்கானிஸ்தான்: 2023-ல் இங்கிலாந்து, பாகிஸ்தான், இலங்கை மூன்றையும் வீழ்த்தியது. 2025-ல் லாகூரில் இங்கிலாந்தை மீண்டும் வென்றது. ஜிம்பாப்வேயின் மெதுவான ஆடுகளங்களில் ஆட வாய்ப்புக் கிடைத்தால் இவர்களின் சுழல் பந்து எவருக்கும் தலைவலிதான்.

பாகிஸ்தான் 2011-க்குப் பிறகு அரை இறுதியைப் பார்க்கவில்லை. இலங்கை 2023-ல் ஒன்பதாவது இடத்தில் நின்றது. முதல் இரண்டு கோப்பைகளை வென்ற மேற்கு இந்தியத் தீவு 2023-ல் தகுதிகூடப் பெறவில்லை. தென் ஆப்பிரிக்காவுக்கும் ஜிம்பாப்வேக்கும் நேரடி இடம் உண்டு. மற்ற எட்டு இடங்கள் 2027 மார்ச் 31-ந் தேதி தர வரிசையைப் பொறுத்தவை. மிச்சம் நான்கு அணிகள் தகுதிச் சுற்றில் இருந்து வரும்.

எனது கணிப்பு: தென் ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, இந்தியா, நியூசிலாந்து ஆகிய நான்கும் அரை இறுதிக்கு வரும். எதிர்பாராத அணி ஒன்று புகுந்தால் அது ஆப்கானிஸ்தானாக இருக்கும். கோப்பை யாருக்கு என்று சொல்லமாட்டேன்.

சம்பளக் கவர் பத்திரம்!

ஏன் சொல்லமாட்டேன் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு சுமைத் தொழிலாளி தர்மபுரிப் பக்கத்துக்காரர். 2023-ல் நூறு, இருநூறு என்று இந்தியாவின் மேல் பந்தயம் கட்டி வந்தார். ஒவ்வொன்றாக ஜெயித்தது. இறுதி ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன்புதான் தீபாவளி. கையில் இருந்த போனஸ் பணத்தையும், வட்டிக்கு வாங்கிய பணத்தையும் சேர்த்துக் கட்டினார். "அண்ணே, பத்து ஜெயிச்ச டீம் பதினொண்ணு ஜெயிக்காதா?" என்று என்னிடம் கேட்டார். எனக்கும் அப்போது பதில் தெரியவில்லை. ஜெயிக்கும் என்றுதான் நானும் சொன்னேன். அந்தப் பொங்கலுக்கு அவர் ஊருக்குப் போகவில்லை. பெண்டாட்டி பிள்ளைகளுக்கு என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

பந்தயம் நடத்துபவன் எப்படிப் பிழைக்கிறான் என்று பார்ப்போம். சம பலமுள்ள நான்கு அணிகள். நான்கு பேர் ஆளுக்கு 100 ரூபாய் வீதம் நான்கு அணிகளின் மேலும் கட்டுகிறார்கள். வசூல் 400 ரூபாய். ஜெயித்தவனுக்கு அவன் கொடுப்பது 350. எந்த அணி ஜெயித்தாலும் 50 ரூபாய் அவன் பையில். கோப்பை யாருக்கு என்ற கவலையே அவனுக்கு இல்லை. அந்தக் கவலை நமக்குத்தான்!

1983-ஐச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். அப்போது லண்டன் பந்தயக் கடைகளில் இந்தியாவின் மேல் ஒன்று கட்டினால் 66 என்றார்கள். அதற்கு முன் உலகக் கோப்பையில் இந்தியா வென்றது கிழக்கு ஆப்பிரிக்காவை மட்டுமே. ஆனால் சென்னை ஸ்ரீகாந்த் அடித்த 38 ரன்னே இறுதி ஆட்டத்தில் மிக அதிகம் ஆனது. பெங்களூர் ரோஜர் பின்னி அந்தப் போட்டியில் 18 விக்கெட் எடுத்தார். கபில்தேவ் கோப்பையைத் தூக்கினார். அது நமக்கெல்லாம் பெருமை. ஆனால் கெட்டிக்காரர்கள் போட்ட கணக்கே அன்று 66 மடங்கு தவறிப்போனது என்றால், நம்முடைய கணக்கு எம்மாத்திரம்?

பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. சட்டம் வந்ததால் ஆசை போய்விடாது. கைப்பேசியில் இல்லாவிட்டால் கடை வாசலில் காதோடு காதாக நடக்கும். ஊரை விட்டு வந்து இங்கே உழைக்கும் நமக்கு மாதக் கடைசியில் கை கொடுக்க யாரும் இல்லை. சம்பளக் கவர்தான் துணை.

ஆகவே ஆட்டத்தைப் பாருங்கள், கை தட்டுங்கள், விடிய விடிய வாதாடுங்கள். மேலே நான் சொன்ன நான்கு அணிகளின் பெயரையும் வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 2027 நவம்பரில் என் கணிப்பு தவறிவிட்டால் வந்து கேளுங்கள். ஒரு காபி வாங்கித் தருகிறேன். நான் கட்டும் பந்தயம் அவ்வளவுதான்.