சிங்கிள் ஸ்பீடு சைக்கிள்: வேகத்தைப் பார்க்காதீங்க, மேம்பாலத்தைப் பாருங்க!

பழைய கியர் சைக்கிளை ஒரே கியரில் ஓடும் 'சிங்கிள் ஸ்பீடு' ஆக மாற்றுவது, சென்னை மாதிரி சமதளமான ஊருக்கு நல்ல முடிவுதான். எடை குறையும், ரிப்பேரும் குறையும். ஆனா எந்த ஒரு கியரை வைத்துக்கொள்வது? பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

கணக்கு சிம்பிள். பெடல் பக்கம் உள்ள பல்சக்கரத்தின் பற்களை, பின்சக்கரத்தில் உள்ள பற்களால் வகுக்கணும். முன்னால் 44, பின்னால் 16 என்றால் 2.75. அதாவது, பெடல் ஒருமுறை சுற்றினால் பின்சக்கரம் 2.75 முறை சுற்றும். பின்னால் 18 பல் போட்டால் இது 2.44 ஆகக் குறையும். 700சி டயரில், நிமிடத்துக்கு 80 முறை மிதித்தால் முதலாவதில் மணிக்குச் சுமார் 28 கி.மீ., இரண்டாவதில் சுமார் 25 கி.மீ. வேகம் கிடைக்கும்.

அந்த 3 கி.மீ.க்கு ஆசைப்பட்டு 16 பல்லை மாட்டுகிறவர்கள் முழங்காலை மறந்துவிடுகிறார்கள். ஆபீஸ் போகும் வழியில் ஒவ்வொரு சிக்னலிலும் நின்ற இடத்திலிருந்து கிளம்பணும். மேம்பாலம் ஏறணும். மாலையில் மெரினா பக்கம் திரும்பினால் கடற்காற்று முகத்திலேயே அடிக்கும். குறைக்க வேறு கியர் கிடையாது, மொத்த பாரமும் முட்டியில்தான். அதனால் தினசரி வழியில் எந்த இடம் ரொம்பக் கஷ்டமோ, அதற்கேற்ற கியர்தான் சரி. சமதளத்தில் கால் கொஞ்சம் வேகமாகச் சுற்றும், அவ்வளவுதான்.

இணையத்தில் யாரோ சொன்ன எண்ணை அப்படியே காப்பியடிக்கவும் வேண்டாம். அவர் ஊர் வேறு, கால் வேறு. கியரைக் கழற்றும் முன் ஒரு வாரம், ஒரே கியரில் மாற்றாமல் ஓட்டிப் பார்க்கலாம். பாலத்தில் மூச்சு முட்டினால் அடுத்த நாள் ஒரு கியர் குறைக்கலாம். செட்டான கியரின் பற்களை எண்ணினால் விடை கிடைத்துவிடும் (மாடு வாங்குகிறவர் மட்டும்தான் பல்லைப் பார்க்கணுமா என்ன?). 38-க்கு 16 வசதியாக இருந்தால், 44-க்கு 18 போட்டாலும் ஏறக்குறைய அதே பாரம்தான்.

கடைக்குப் போகும் முன் இன்னொன்று: பின்சக்கர அச்சு உட்காரும் பிளவு படுக்கைவாட்டில் இருந்தால், சக்கரத்தைப் பின்னால் இழுத்தே செயினை டைட் பண்ணிக்கலாம். செங்குத்தாக இருந்தால் செயின் டென்ஷனர் தனியாக வாங்கணும். அந்தச் செலவையும் சேர்த்துத்தான் பட்ஜெட் போடணும்.