முகத்துக்கு 'டபுள் எஃபெக்ட்' கிடையாது

தீபாவளி நெருங்கும்போது பினாங்கு லிட்டில் இந்தியாவிலும் அதைச் சுற்றியுள்ள தெருக்களிலும் அழகு நிலையங்களின் பேக்கேஜ் விற்பனை மும்முரமாகிவிடும். இத்தனை ஃபேஷியலுக்கு முன்பணம் கட்டினால் வீட்டுக்கு ஒரு கிரீம் செட் இலவசம் என்பார்கள். கூடவே ஒரு வாக்கும் வரும்: "இங்க நாங்க செய்றோம், வீட்டுல நீங்க இதப் போடுங்க அக்கா, டபுள் எஃபெக்ட் கிடைக்கும்." கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வாக்கு பல தவறான நம்பிக்கைகளின் மேல் நிற்கிறது. அவற்றால் பணம் போவதோடு முகமும் கெடுகிறது, சிலருக்கு உடம்பே கெடுகிறது. அதனால்தான் ஒவ்வொன்றாக மறுக்க வேண்டியிருக்கிறது.

முதல் நம்பிக்கை: உண்மையான வேலை நடப்பது பார்லரில், வீட்டில் செய்வது வெறும் துணை. இது தலைகீழான பேச்சு. முப்பது நாள் மாதத்தில் 720 மணி நேரம் இருக்கிறது. அதில் ஃபேஷியலுக்குப் போவது ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை. அந்த நேரத்தில் கழுவி, ஆவி பிடித்து, கரும்புள்ளியை எடுத்து, மசாஜ் செய்து, மாஸ்க் போடுகிறார்கள். மசாஜால் இரத்த ஓட்டம் கூடுகிறது. தோலின் மேலடுக்கு நீரை உறிஞ்சி உப்புகிறது. அன்றைக்கும் மறுநாளும் முகம் பளிச்சென்று தெரிய இதுதான் காரணம். அந்தப் பளிச்சைப் பொய் என்று நான் சொல்லவில்லை. அதற்கு ஆயுள் குறைவு. எடுத்த கரும்புள்ளி சில வாரங்களில் திரும்ப நிறையும், ஏனென்றால் எண்ணெய்ச் சுரப்பிகள் ஓய்வதில்லை. அது நிறையாமல் தடுப்பவை வீட்டில் தொடர்ந்து போடும் சாலிசிலிக் ஆசிட், மருத்துவர் தரும் ரெட்டினாய்டு போன்றவைதான். பரு, மங்கு, வெயில் கருமை இவை எல்லாவற்றுக்கும் பலன் தருவது நாள்தோறும் மாதக்கணக்கில் செய்யும் எளிய பராமரிப்பு. வீட்டுப் பராமரிப்புதான் அடிப்படை. ஃபேஷியல் அதற்கு மேல் ஒரு சேர்க்கை.

ஆவி பிடித்தால் துளைகள் திறக்கும், உள்ளே இருக்கும் நச்சு வெளியேறும் என்ற பேச்சுக்கு நீண்ட பதில் தேவையில்லை. தோலின் துளைகளுக்குத் திறந்து மூடும் தசை கிடையாது. ஆவி, அடைப்பைக் கொஞ்சம் இளக்குகிறது, அவ்வளவுதான். மங்கு உள்ளவர்களுக்கும் எளிதில் சிவக்கும் முகத்தினருக்கும் அந்தச் சூடு கெடுதல். நச்சை வெளியேற்றுவது கல்லீரலும் சிறுநீரகமும் செய்யும் வேலை. சிறுநீரகத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், அது இந்தக் கதையில் எதிர்பாராத இடத்தில் வருகிறது.

இப்போது அந்த டபுள் எஃபெக்டுக்கே வருவோம். அதிகம் போட்டால் அதிகப் பலன் என்பதே எல்லாவற்றிலும் பெரிய தவறு. நடப்பதைப் பாருங்கள். சனிக்கிழமை பார்லரில் ஸ்க்ரப், அதன்மேல் ஆசிட் பீல். ஞாயிறு காலை வீட்டில் கிளைகோலிக் டோனர், இரவில் ரெட்டினால். திங்கட்கிழமை அம்மா சொன்னாரென்று கடலை மாவில் எலுமிச்சைச் சாறு பிழிந்து ஒரு பூச்சு. இவை அத்தனையும் தோலின் மேலடுக்கைக் குறைக்கும், அல்லது உறுத்தும் பொருட்கள். ஒரே வேலையை ஒரே முகத்தில் மூன்று நாளில் ஐந்து முறை செய்தால் ஐந்து மடங்கு பொலிவு வராது. தோலின் காப்பு அடுக்குதான் உடையும். பிறகு எரிச்சல், உரிதல், தண்ணீர் பட்டாலே காந்தல்.

நம்மைப் போன்ற மாநிறத் தோலுக்கு இதில் கூடுதல் ஆபத்து உண்டு. வெள்ளைத் தோல் புண்பட்டால் பெரும்பாலும் சிவந்து ஆறும். நம் தோல் புண்பட்ட இடத்தில் நிறமியைக் கொட்டும். அந்தக் கறை மாதக்கணக்கில் போகாது. கறையைப் போக்கப் போனவர் கூடுதல் கறையோடு திரும்புவது இப்படித்தான். எலுமிச்சையைத் தனியாகவே எச்சரிக்க வேண்டும்: அதன் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளமும் நீண்டநாள் கருமையும் வரலாம்.

கிளைகோலிக் போன்ற பழ ஆசிட்டுகளைப் பற்றி அமெரிக்க அழகுசாதன மூலப்பொருள் நிபுணர் குழு வகுத்த வரம்பு இங்கே உதவும். வீட்டில் போடும் பொருளில் 10 சதவீதத்துக்கு மேல் கூடாது, பிஎச் 3.5க்குக் கீழே இறங்கக் கூடாது. பயிற்சி பெற்றவர் சிறிது நேரம் வைத்துக் கழுவிவிடுவதானால் 30 சதவீதம் வரை போகலாம், பிஎச் 3.0க்குக் குறையாமல். இரண்டிலும் வெயில் காப்பு கட்டாயம். வீட்டுக்கு ஓர் அளவு, பார்லருக்கு வேறோர் அளவு என்று பிரித்திருப்பதே, ஒன்றின்மேல் ஒன்றை அடுக்கக் கூடாது என்பதை உணர்த்தவில்லையா? அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகமோ, இந்த ஆசிட் போடுவதை நிறுத்திய பிறகும் ஒரு வாரம் வெயிலில் கவனம் தேவை என்று லேபிளில் அச்சிடச் சொல்கிறது.

ஆகவே ஃபேஷியலுக்குச் சில நாள் முன்பே, பீல் என்றால் ஒரு வாரம் முன்பே, வீட்டிலுள்ள ரெட்டினாலையும் ஆசிட்டையும் நிறுத்துங்கள். முடிந்த பிறகு தோல் அமைதியாகும் வரை மென்மையான ஃபேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன் மட்டும் போதும். ரெட்டினாய்டு போடும் முகத்தில் வேக்ஸிங் செய்தால் தோலே பிய்ந்து வரலாம். பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை சாப்பிடுபவர் அதைச் சொல்லாமல் நாற்காலியில் உட்காரவே கூடாது. உங்களைப் படுக்க வைக்கும் முன் "வீட்டில் என்ன போடுகிறீர்கள், என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்" என்று கேட்காத அழகுக் கலைஞரிடம் முகத்தைக் கொடுக்காதீர்கள். நன்றாகத் தொழில் கற்ற பெண்கள் இதைக் கேட்பார்கள். அவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு.

"நம்ம தோலுக்கு சன்ஸ்கிரீன் எதுக்கு?" என்பது நம் வீடுகளில் தலைமுறையாக வரும் பேச்சு. ஜார்ஜ்டவுன் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ ஐந்தரை பாகை வடக்கே இருக்கிறது. தெளிந்த வானத்தின் உச்சி வெயிலில் புற ஊதாக் குறியீடு 11ஐத் தாண்டுவது இங்கே சாதாரணம். உலகச் சுகாதார நிறுவனம் 11ஐ எட்டினாலே அதை உச்சகட்ட ஆபத்து என்கிறது. கருமை ஓரளவு காக்கும், முழுதாகக் காக்காது. மங்குவுக்குப் புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் காரணம். அதனால் அயர்ன் ஆக்சைடு கலந்த, நிறம் கொண்ட சன்ஸ்கிரீன் நமக்கு நல்லது. தைப்பூசத்துக்கு முந்தைய நாள் பீல் செய்துகொண்டு, மறுநாள் தண்ணீர்மலைக் கோயிலுக்கு வெயிலில் நடப்பதைவிட, அந்த ஃபேஷியலைச் செய்யாமலே இருக்கலாம்.

ஃபேஷியலுக்குப் பிறகு பரு கிளம்பினால் "அழுக்கு வெளிய வருது, விடுங்க" என்பார்கள். ரெட்டினாய்டு தொடங்கும்போது பரு சிறிது காலம் கூடுவது உண்மை. மசாஜ் கிரீமுக்கும் நகத்தால் அழுத்தியதற்கும் அந்த விளக்கம் பொருந்தாது. அது உறுத்தல், அல்லது தொற்று.

கடைசியாக அந்த இலவச கிரீம் செட். இதில்தான் என் கோபம் அதிகம். "கேகேஎம் நம்பர் இருக்கு" என்று, சுகாதார அமைச்சின் எண் ஒன்றைக் காட்டுவார்கள். மலேசியாவில் அழகுப் பொருளுக்குத் தரப்படுவது அறிவிப்பு எண். 'நோட்' என்று தொடங்கும். விற்பனைக்கு முன் அரசு அதைச் சோதித்துச் சான்று கொடுத்தது என்று அதற்குப் பொருள் இல்லை. நிறுவனம் தானே அறிவித்துப் பெறும் எண் அது. தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் சந்தைக்கு வந்த பிறகே மாதிரி எடுத்துச் சோதிக்கிறது. அப்படிச் சோதித்துத்தான் பாதரசம், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினோயின், பீட்டாமெத்தசோன் கலந்த கிரீம்களின் அறிவிப்பை ஆண்டுதோறும் ரத்து செய்து பெயரோடு வெளியிடுகிறது. 1984ஆம் ஆண்டு மருந்து, அழகுப் பொருள் விதிகளின்படி இவற்றை விற்கும் தனிநபருக்கு முதல் குற்றத்துக்கே 25,000 ரிங்கிட் வரை அபராதமோ 3 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். எண்ணே இல்லாத, பெயரும் ஒட்டாத டப்பாக்களின் நிலையை யோசித்துக்கொள்ளுங்கள்.

பீட்டாமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு. முதலில் முகம் வெளுக்கும், பரு அடங்கும், எல்லோரும் புகழ்வார்கள். பிறகு தோல் மெலிந்து இரத்த நாளங்கள் தெரியும், நிறுத்தினால் முகம் கொதிக்கும். பாதரசம் இன்னும் கொடியது. கேரளத்தின் கோட்டக்கல்லில் ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை பார்த்த ஒருவகைச் சிறுநீரகச் சவ்வு நோயாளிகள் 22 பேர். அவர்களில் 15 பேருக்கு 'நெல்-1' என்னும் அரிய வகை. அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்புக் கிரீம் பூசியவர்கள். 2024இல் அந்த ஆய்வு வெளிவந்தது. நச்சை வெளியேற்றும் உறுப்பையே முகத்தில் பூசியது தாக்கியது. தலையணை, துண்டு வழியாகப் பாதரசம் பூசாத குழந்தைக்கும் போகும்.

நம் ஊரிலேயே இதைச் சொன்னவர்கள் உண்டு. எஸ். எம். முகமது இத்ரீஸ் பல பதிற்றாண்டுகள் தலைமையேற்று நடத்திய பினாங்கு பயனீட்டாளர் சங்கம், வெளுப்புக் கிரீம்களைப் பற்றி ஆண்டுக்கணக்கில் எச்சரித்து வந்திருக்கிறது. 2023இல், பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையின் நாடுகளும், பாதரசம் சேர்த்த அழகுப் பொருட்கள் அனைத்தையும் 2025க்குள் நிறுத்த முடிவெடுத்தன.

ஃபேஷியல் பிடித்தால் செய்துகொள்ளுங்கள், ஓய்வுக்காகவாவது. ஆனால் பத்து ஃபேஷியலுக்கு முன்பணம் கட்டாதீர்கள். அந்தப் பணத்தில் முதலில் நல்ல சன்ஸ்கிரீன் வாங்குங்கள். கொடுக்கப்படும் கிரீமின் பெயரையும் எண்ணையும் ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையதளத்தில் தேடிப் பார்த்த பிறகே திறங்கள். ஏற்கெனவே பெயரற்ற கிரீமைப் பூசி வருபவர் கூச்சப்படாமல் அந்த டப்பாவோடு மருத்துவரைப் பாருங்கள். அரசு கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு ரிங்கிட். அங்கிருந்து கடிதம் வாங்கினால் பினாங்கு பொது மருத்துவமனையின் தோல் பிரிவுக்கே போகலாம்.