தங்கம் அவர்களுக்கு, தூசி நமக்கா?

கம்பைநல்லூர் வட்டாரத்தில் மழை பொய்த்தால் ஜனங்கள் வடக்கே பிழைக்கப் போவது நேற்று வந்த பழக்கமல்ல. இன்று ஓசூர், பெங்களூர். பாட்டன் காலத்தில் கோலார் தங்கவயல்.

1880-ல் அங்கே வந்த ஜான் டெய்லர் கம்பெனி, வேல்ஸ் நாட்டு ஈயச் சுரங்கங்களையும் நடத்தியது. பாறை குடைய அதற்கு ஆள் தேவைப்பட்டது. வட ஆர்க்காட்டிலிருந்தும், தர்மபுரியை உள்ளடக்கிய அன்றைய சேலம் ஜில்லாவிலிருந்தும் நிலமற்ற தாழ்த்தப்பட்ட மக்கள் குடும்பத்தோடு போனார்கள்.

சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. பாறை வெடித்துச் செத்தவர்கள் உண்டு. நெஞ்சில் தூசி படிந்து, இருமி இருமிச் செத்தவர்களும் உண்டு. லாபம் லண்டனுக்குப் போயிற்று. கைரேகை வைக்கச் சொன்னதை எதிர்த்து 1930-ல் 21 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. 1946 நவம்பர் 4-ல் போலீஸ் துப்பாக்கிக்கு 6 தொழிலாளிகள் பலியானார்கள்.

1956-ல் மைசூர் சர்க்கார் சுரங்கங்களைத் தேசவுடமையாக்கியது. சரியான காரியம். ஆனால் பிறகு நடந்ததென்ன? வெளிச்சந்தையில் தங்கம் விலையேறி நிற்க, பல வருஷம் அதைவிடக் குறைந்த உத்தியோக விலைக்கே சர்க்கார் தங்கத்தை எடுத்துக்கொண்டது. கணக்கில் நஷ்டம் விழுந்தது. டன்னுக்கு 40 கிராமுக்கு மேல் தங்கம் தந்த பாறை, கடைசியில் 5 கிராம்கூடத் தரவில்லை என்பது உண்மைதான். அது தொழிலாளி செய்த குற்றமா? மாற்று வேலைக்கு வழி செய்யாமல் 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். இன்று அவர்கள் பிள்ளைகள் விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போகிறார்கள்.

மிஞ்சியது சயனைட் மேடுகள். காற்றடித்தால் அந்தத் தூசி தொழிலாளி வீட்டுச் சோற்றில் விழுகிறது. அந்த மேட்டிலும் தங்கம் இருக்கிறதாம்! அதை ஏலம் விடும் யோசனைக்கு 2024 ஜூனில் கர்நாடக மந்திரிசபை சம்மதம் தெரிவித்தது.

நாம் கேட்கிறோம்: தொழிலாளியின் மூச்சை அடைத்தபோது அது குப்பை, முதலாளி கண்ணில் பட்டதும் பொக்கிஷமா? மேட்டில் கை வைக்குமுன் தொழிலாளியின் பாக்கியைப் பைசா விடாமல் தீர்க்க வேண்டும். குடியிருக்கும் வீட்டை எல்லோருக்கும் சொந்தமாக்க வேண்டும். வரும் வேலையில் முதல் உரிமை அந்தக் குடும்பங்களுக்கே.

இது பிச்சையல்ல, நான்கு தலைமுறை உழைப்பின் பாக்கி.