கலக்கி

என் ஸ்கூட்டரைப் பற்றி இனி எழுத மாட்டேன் என்று இந்தப் பத்தியில் இரண்டு முறை சத்தியம் செய்திருக்கிறேன். மூன்றாவது முறையும் போச்சு. ஒரு வாரம் மழையில் நின்ற வண்டி கிளம்பவே இல்லை. மெக்கானிக் டேங்க்கை வடித்து, தண்ணீர் பாட்டிலில் பிடித்து, வெயிலுக்கு நேராகத் தூக்கிக் காட்டினார். மேலே பெட்ரோல். அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு வேறொன்று, கோடு கிழித்த மாதிரித் தனியாக.

"மூடி ரப்பர் வெடிச்சு மழை எறங்கியிருக்குங்க. எத்தனால் தண்ணியக் கண்டா பெட்ரோல விட்டுட்டு அதோட போயிரும்."

பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலக்க 2030-க்கு வைத்திருந்த இலக்கை 2025-க்கே இழுத்து வந்துவிட்டார்கள். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. மைலேஜ் புலம்பலில் நியாயம் இல்லாமல் இல்லை. இதைத்தான் காரசாரமாக எழுதுவதாக இருந்தேன். வண்டிக்கு அரைமணி நேரம் ஆகும் என்றதால் எதிர்க்கடைக்குக் கலக்கி சாப்பிடப் போனேன்.

(கலக்கி புராணம் அலுத்த வாசகர்கள் இந்தப் பாராவைத் தாண்டிவிடலாம்.) முட்டையோடு மிளகும் ஒரு கரண்டி சால்னாவும் சேர்த்து அடித்து, காய்ந்த கல்லில் ஊற்றி, ஓரம் பிடித்ததும் நாலு பக்கமும் மடித்து உடனே எடுத்துவிட வேண்டும். வெளியே மெல்லிய தோல், உள்ளே தளதளவென்று குழம்பு. பத்து விநாடி தாமதித்தால் அது வெறும் ஆம்லெட். கொங்கு நாட்டைத் தாண்டினால் இந்தப் பத்து விநாடி யாருக்கும் புரிவதில்லை.

விலைப்பலகையில் பழைய எண்மேல் புது எண் ஒட்டியிருந்தது. கேட்டேன்.

"கோழித்தீவனம் ஏறிப்போச்சுங்களே. மக்காச்சோளமெல்லாம் பெட்ரோலுக்குப் போகுதாமா."

வதந்தியல்ல. 2023 டிசம்பரில் கரும்புச் சாற்று எத்தனாலுக்கு அரசு கடிவாளம் போட்டதும் ஆலைகள் மக்காச்சோளத்துக்குத் தாவின. ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு 2024-இல் மியான்மரிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் இறக்குமதி செய்தது. நாமக்கல் பண்ணைக்காரர்களுக்கு வயிற்றெரிச்சல். படைப்புழுவோடு மல்லுக்கட்டும் பெரம்பலூர் விவசாயிக்கோ நல்ல விலை. அவரை எந்த வாயால் குறை சொல்வது?

தட்டுக்கடியில் கிடந்த செய்தித்தாளின் ஓரத்தில் கணக்குப் போட்டேன். ஒரு டன் மக்காச்சோளத்தில் சுமார் 380 லிட்டர் எத்தனால். நான் போடும் 5 லிட்டர் பெட்ரோலில் 1 லிட்டர் எத்தனால். அது முழுக்க மக்காச்சோளத்திலிருந்து வந்தது என்றால் இரண்டரைக் கிலோவுக்கு மேல். முட்டைக்கோழி ஒரு நாளில் தின்பது 110 கிராம் தீவனம், அதில் பாதி மக்காச்சோளம். ஆக, ஒரு கோழியின் ஒன்றரை மாதச் சோளத்தை நான் நாலு நாளில் ஓட்டித் தீர்க்கிறேன். வடித்த சக்கை தீவனமாகத் திரும்புகிறதே, அதையும் கழிக்க வேண்டுமே என்று மறுபடி ஆரம்பித்தேன்.

"சார், தட்டைப் பாருங்க."

பார்த்தேன். உள்சூட்டிலேயே இறுகி ஆம்லெட்டாகியிருந்தது.