மீண்டும் காணும் வீரர்கள்

தியாகராய நகரின் ஆற்காடு தெருவில் ஓர் அரிமா உள்ளது. உயிர் நீங்கிய பின் உடலைப் பதம் செய்து பாதுகாத்து வைத்த அரிமா அது. 1969-ஆம் ஆண்டில் வெளிவந்த 'அடிமைப் பெண்' என்னும் திரைப்படத்தில் அது நடித்தது. ராஜா என்பது அதன் பெயர். எம்.ஜி.ஆர். நினைவு இல்லத்தைக் காணச் செல்லும் சிறுவர்கள் பதக்கங்களையும் பட்டயங்களையும் விரைந்து கடந்துவிடலாம். இந்த அரிமாவை மட்டும் அவ்வளவு எளிதில் கடந்து போக இயலாது. எவரும் வரைந்த அரிமா அன்று அது. பல்லும் நகமும் கொண்டு பிறந்த அரிமா.

இக்காலச் சிறுவர்க்குத் திரையில் தோன்றும் அரிமா ஒரு வியப்பன்று. நூறு அரிமாக்கள் ஒரே நேரத்தில் பாய்ந்து வருவதைக் கணிப்பொறியின் துணையால் அவர்கள் கண்டு பழகிவிட்டனர். வானில் பறப்பவன், சுவரில் ஏறுபவன், இடியைக் கையில் ஏந்துபவன் என அற்புத வீரர் பலர் கைப்பேசிக்குள்ளேயே குடியிருக்கின்றனர். இவ்வாறு பழகிய ஒரு சிறுவனிடம், 'உன் பாட்டனார் வியந்து பார்த்த படம் இது' என்று பழைய படம் ஒன்றைக் காட்டினால், சிறிது நேரம் பொறுமையோடு பார்க்கிறான், பிறகு சிரித்துவிடுகிறான். 'கோட்டை அட்டையால் ஆனது' என்கிறான். 'பறப்பவரின் பின்னால் கயிறு தெரிகிறது' என்கிறான். அவன் கூறுவது பொய்யன்று. கோட்டை அட்டையே, கயிறும் சில இடங்களில் தெரியத்தான் செய்கிறது. ஆயினும் அந்தச் சிரிப்போடு அவன் எழுந்து போய்விடுவது பெரிய இழப்பு என்பது என் கருத்து.

முதன்முறை ஓர் அற்புதப் படத்தைப் பார்க்கும்போது நம் கண் அற்புதத்திலேயே நின்றுவிடுகிறது. அடுத்து என்ன நேருமோ என்னும் வேகம் நம்மை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. மறுமுறை பார்க்கும்போது அந்த வேகம் இல்லை. வீரன் வெல்வான் என்பது தெரிந்துவிட்டது. அரக்கன் எங்கே ஒளிந்திருக்கிறான் என்பதும் தெரிந்துவிட்டது. இனி, அந்த வீரன் எத்தகையவன், அவன் ஏன் வெல்லவேண்டும் என்பவற்றை அமைதியாகக் காணலாம். ஒரு படத்தின் தரத்தை முதற்காட்சி காட்டாது, மறுகாட்சியே காட்டும்.

முன்னாளில் மறுகாட்சிக்கென்றே சென்னையில் இடங்கள் இருந்தன. புதுப் படம் அண்ணாசாலையின் பெரிய அரங்குகளில் ஓடி முடிந்த பிறகு, பேட்டைதோறும் இருந்த அரங்குகளைச் சுற்றி வரும். மயிலாப்பூர்ப் பகுதியில் கபாலி, காமதேனு, அடையாற்றில் ஈராஸ், தியாகராய நகரின் பாண்டி பஜாரில் ராஜகுமாரி. இவற்றுள் கடைசியாகச் சொன்ன அரங்கைக் கட்டியவர் நடிகை டி.ஆர். ராஜகுமாரி. 1948-இல் எஸ்.எஸ். வாசன் எடுத்த 'சந்திரலேகா'வின் தலைவி அவரே. வாட்போரும் மாபெரும் முரசுகளின் மேல் ஆடும் ஆடலும் நிறைந்த அப்படத்தில் புகழ் பெற்றவர், பிறர் படம் பார்ப்பதற்கு ஓர் அரங்கையும் அமைத்தார் என்பது நினைந்து மகிழத்தக்கது. இந்த நான்கு அரங்குகளும் இன்று இல்லை. அவை இருந்த இடங்களில் வேறு கட்டடங்களைக் காண்கிறோம்.

இனி அற்புதத்தின் செய்முறையைச் சிறிது நோக்குவோம். அதை அறிந்தவர் கயிற்றைக் கண்டு சிரிக்கமாட்டார். படப்பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது அதை நிறுத்திவிடுவர். மேசைமேல் இருந்த குடத்தை எடுத்துவிட்டு மீண்டும் ஓட்டுவர். திரையில் குடம் கண்ணெதிரே மறைந்துபோகும். ஒருவரே இருவராகத் தோன்றவேண்டுமானால், வில்லையின் ஒரு பாதியை மூடிவிட்டு அவரை ஒரு பக்கம் நிறுத்திப் படம் எடுப்பர். பின் அதே சுருளைத் திருப்பிச் சுற்றி, மூடிய பாதியைத் திறந்து, திறந்த பாதியை மூடி, அவரையே மறுபக்கம் நிறுத்தி எடுப்பர். படப்பெட்டி ஒரு மயிரிழை அசைந்தாலும் நடுவே கோடு விழும். உழைப்பு முழுவதும் வீணாகும். 1958-இல் வந்த 'நாடோடி மன்ன'னில் வீராங்கனும் மார்த்தாண்டனும் ஒருவரையொருவர் நோக்கிப் பேசுவதைக் காணும்போது, இத்தகைய வேலைக்கு வேண்டிய பொறுமையையும் சேர்த்துக் காணவேண்டும்.

வடபழனியில் இருந்த வாகினி நிலையத்தில் இக்கலை உச்சத்தைத் தொட்டது. 1951-இல் 'பாதாள பைரவி', 1957-இல் 'மாயா பஜார்' ஆகிய இரண்டையும் கே.வி. ரெட்டி இயக்கினார், தெலுங்கிலும் தமிழிலும் அவை வெளிவந்தன. ஒளிப்பதிவு செய்தவர் மார்க்கஸ் பார்ட்லி. நிலா இல்லாமலே நிலவொளியைப் படைத்தவர் என்று அவரைச் சொல்வர். கடோத்கசனாக வரும் எஸ்.வி. ரங்காராவ் தனி ஒருவராய் அமர்ந்து திருமண விருந்து முழுவதையும் உண்ணும் காட்சியை இன்றைய சிறுவரும் சிரிக்காமல் பார்ப்பதில்லை. ஆனால் அது ஏளனச் சிரிப்பன்று, அக்காட்சி விரும்பி அழைக்கும் சிரிப்பு. தெலுங்கு 'மாயா பஜார்' 2010-இல் வண்ணம் தீட்டப்பெற்று மீண்டும் திரையிடப்பட்டது. வண்ணம் வந்ததில் பலர் மகிழ்ந்தனர். எனக்கு என்னவோ பார்ட்லியின் நிலவு கறுப்பு வெள்ளையில்தான் குளிர்கிறது.

செய்முறை எவ்வளவு சிறந்ததாயினும் அது மூப்படையும். இன்று கண்ணைப் பறிக்கும் கணிப்பொறி வித்தையும் இருபது ஆண்டுகளில் அட்டைக் கோட்டையாகத் தோன்றும். மூப்படையாமல் எஞ்சுவது யாது? இவ்வினாவிற்கு 'அடிமைப் பெண்' படத்தின் தொடக்கமே ஒரு விடை தருகிறது. வேங்கைமலை அரசனோடு போரிட வருகிறான் செங்கோடன். அவனுக்கு ஒரு கால் இல்லை. கீழே ஈட்டிகள் நிமிர்ந்து நிற்க, மேலே கட்டிய வலையின்மீது போர். அரசன் இரு காலும் உடையவன். பாய்ந்து ஒரே நொடியில் வென்றுவிடலாம். ஆனால் அவன் தன் கால்களுள் ஒன்றை மடித்துக் கட்டிக்கொண்டு வலையின்மேல் ஏறுகிறான்.

சிறுவயதில் இக்காட்சியைப் பார்ப்போர் ஈட்டிகளையே பார்ப்பர். வளர்ந்தபின் பார்ப்போர் அந்தக் கட்டைப் பார்ப்பர். வலிமை உடையவன் தன் வலிமையின் ஒரு பகுதியைத் தானே கட்டி வைக்கிறான். அவ்வாறு செய்யும்படி எவரும் அவனைக் கேட்கவில்லை. வானத்தில் பறக்கும் வீரர் பலரிடம் இத்தகைய ஒரு கட்டை நான் கண்டதில்லை.

அதே படத்தில் அவ்வரசனின் மகன் வேங்கையன், நிமிர்ந்து நிற்க இடமில்லாத சிறையில் இளமை முதல் அடைபட்டு வளர்கிறான். வெளியே வரும்போது முதுகு கூனியிருக்கிறது, பேச்சும் அறியான். நிமிரவும் நடக்கவும் பேசவும் அவனுக்குக் கற்பிப்பவள் ஜீவா என்னும் பெண். பேராற்றல் வீரனின் பிறப்பு மின்னலாலும் மருந்தாலும் நிகழ்வதாகவே பல கதைகள் கூறும். இங்கே அது கல்வியால் நிகழ்கிறது. அதுவும் ஒரு பெண் தரும் கல்வியால். குறையையும் கூறவேண்டும். மாணவன் வீரனானதும் ஆசிரியை பின்னே தள்ளப்படுகிறாள். கதை அவளை மறக்காவிடினும் அவளுடைய அறிவை மறந்துவிடுகிறது. அக்காலத்துப் படங்கள் பலவற்றின் குறை இது. மறுகாட்சி இதையும் மறைக்காமல் காட்டும்.

முகமூடி அணிந்த வீரரைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். சூப்பர்மேன் 1938-இல் அமெரிக்கச் சித்திரக் கதையில் தோன்றினான். கண்ணாடி அணிந்த செய்தியாளனாகத் தன்னை மறைத்துக்கொண்டான். அடுத்த ஆண்டில் பேட்மேன் வந்தான். இத்தகையோர் அயல்நாட்டுச் சரக்கு என்றும், நம் நாட்டில் அப்படிப்பட்டவர் இல்லை என்றும் சிலர் எண்ணுகின்றனர். நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை எழுதிய 'மலைக்கள்ளன்' நாவலை அவர்கள் அறியார்போலும். கோவைப் பட்சிராஜா நிலையத்தில் எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு அதைத் திரைப்படமாக்கினார். 1954-இல் வெளிவந்த அப்படத்திற்கு உரையாடல் எழுதியவர் மு. கருணாநிதி. ஊரார் அஞ்சும் கள்ளன், செல்வராகிய அப்துல் ரகீம், காணாமற்போன குமாரவீரன் ஆகிய மூவரும் ஒருவரே. அவ்வாண்டின் சிறந்த தமிழ்ப் படம் என்று குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்றது. தெலுங்கு, மலையாளம், கன்னடம், இந்தி, சிங்களம் ஆகிய மொழிகளிலும் அக்கதை படமாயிற்று. சூப்பர்மேன் தன் ஆற்றலை மறைக்க வேடம் பூண்டான். மலைக்கள்ளனோ, சட்டத்தைக் காக்க வேண்டியவர்களே தீயோர்க்குத் துணையாய் நின்றமையால் வேடம் பூண்டான். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கும் மாணவர்க்கு எது தம் ஊர்க் கதை என்பது தானே விளங்கும்.

அண்மைக் காலத்துப் படங்களுள் 2010-இல் சங்கர் இயக்கிய 'எந்திரன்' மறுகாட்சிக்கு ஏற்றது. முதன்முறை பார்த்தோர் இறுதியில் வரும் பெரும்போரையே பேசினர். நூற்றுக்கணக்கான எந்திர மனிதர் ஒன்றாய்த் திரண்டு உருண்டையாகவும் பாம்பாகவும் மாறினர். இன்று பார்த்தால் அப்பகுதி நீளம் என்றே தோன்றுகிறது. தோய்ந்து பார்க்கவேண்டிய பகுதி நடுவில் இருக்கிறது. தீப்பிடித்த குடியிருப்புக்குள் சிட்டி என்னும் எந்திரன் நுழைந்து ஒவ்வொருவராய் மீட்கிறது. குளித்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தியையும் அந்நிலையிலேயே தூக்கிக்கொண்டு வந்து கூட்டத்தின் நடுவே நிறுத்துகிறது. உயிரைக் காத்தாயிற்று என்பது அதன் கணக்கு. அப்பெண்ணோ நாணத்தால் துடித்து ஓடி, வண்டியில் அடிபட்டு மாள்கிறாள். எத்துணை ஆற்றல்! ஆயினும் அங்கே தேவைப்பட்டது ஒரு முழத் துணி. இக்காட்சிக்குக் கணிப்பொறி வித்தை மிகுதியாக வேண்டியிருக்கவில்லை. ஆகவே அது மூப்படையவும் இல்லை.

தொலைக்காட்சித் தொடர்களைக் குறித்து என் கருத்து சற்று மாறுபடும். 1993-இல் தூர்தர்சனில் வந்த 'ஜங்கிள் புக்' சப்பானியர் வரைந்த கார்ட்டூன். ஞாயிறுதோறும் நாடு முழுவதும் குழந்தைகள் அதற்காகக் காத்திருந்தனர். ஓநாய்களிடையே வளரும் மௌக்ளி, தான் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்று கேட்பதை இன்றும் ஆர்வத்தோடு பார்க்க முடிகிறது. 1997-இல் தொடங்கிய 'சக்திமான்' அவ்வாறில்லை. 2020-இல் ஊரடங்குக் காலத்தில் அதை மறுபடியும் ஒளிபரப்பினர். பறப்பதும் சுழல்வதும் விரைவிலேயே சலிப்பூட்டின. ஆனால் வீரனின் மறைவேடமாகிய கங்காதரன், எல்லோரும் எள்ளி நகையாடும் அந்த அப்பாவிப் படப்பிடிப்பாளன், இன்றும் சிரிக்க வைக்கிறான். அற்புதம் தேய்ந்தது; மனிதன் தேயவில்லை.

2007-இல் சுட்டி டிவி தொடங்கிய பின், அயல்நாட்டுச் சித்திர மாந்தர் பலர் தமிழ் பேசினர். டோரா என்னும் சிறுமி தமிழில் வழி கேட்டாள். மழலைகள் தொலைக்காட்சியை நோக்கி உரக்க விடை கூறினர். இன்று கல்லூரியில் பயில்வோர்க்கு அக்குரல்கள் இளமையின் குரல்கள். அவற்றைத் தந்த கலைஞர்களின் பெயர்களோ பெரும்பாலோர்க்குத் தெரியா. சித்திரம் உலகில் எங்கேனும் கிடைத்துவிடும். அதன் தமிழ்க் குரல் கிடைக்கவேண்டுமானால், நம்முள் எவரேனும் அதைக் காத்து வைத்திருக்க வேண்டும்.

காத்தலே இங்கு அரிய செயல். பழைய படச்சுருள் எளிதில் தீப்பற்றும் பொருளால் ஆனது. பின்வந்த சுருள்களும் வெப்பத்தாலும் ஈரத்தாலும் புளித்துச் சுருங்கின. சென்னையின் காற்றில் இவ்விரண்டுக்கும் குறைவில்லை. அரசினர் புனே நகரில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தை அமைத்தது 1964-இல்தான். காப்பாற்றப்பட்டவை நல்ல பயன் தந்துள்ளன. 1964-ஆம் ஆண்டின் 'கர்ணன்' புதுப்பிக்கப்பெற்று 2012-இல் மீண்டும் வந்தபோது சென்னை மக்கள் திரண்டு சென்றனர். காயமுற்ற கிளர்ச்சியாளர்க்கு மருத்துவம் செய்ததற்காக அடிமையாக்கப்பட்ட மருத்துவன் மணிமாறனின் கதையாகிய 'ஆயிரத்தில் ஒருவன்' 1965-இல் வந்தது. 2014-இல் மறுபடி வந்து நூறு நாள்களுக்கு மேல் ஓடியது. இந்தியரும் சப்பானியரும் கூடி 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கிய இராமாயணச் சித்திரப் படம் 2025-இல் தமிழ்க் குரலோடும் திரையரங்குகளுக்கு வந்தது.

காக்கப்படாதவையும் உள. 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படமாகிய 'காளிதா'ஸின் சுருள் கிடைக்கவில்லை. அதற்கும் முன்னே, நூறு ஆண்டுகளுக்கு முன்பு, புரசைவாக்கம் மில்லர்ஸ் சாலையில் நடராஜ முதலியார் 'கீசக வதம்' எடுத்தார். தென்னாட்டின் முதல் மௌனக் கதைப்படம் அதுவே. விராட நாட்டு மடைப்பள்ளியில் சமையற்காரனாய்த் தன்னை மறைத்துக்கொண்டு, திரௌபதிக்குத் தீங்கு நினைத்த கீசகனை இருளில் வீழ்த்திய வீமனின் கதை அது. சூப்பர்மேன் பிறப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னரே, வேடத்துள் மறைந்த பேராற்றல் வீரன் ஒருவன் சென்னையின் திரையில் உலவினான். அவனை அந்நடிகர் எவ்வாறு நடித்துக் காட்டினார், கரண்டி ஏந்திய கை எந்தக் கணத்தில் வீமனின் கையாயிற்று என்பதை இனி எவரும் காண வழியில்லை. அப்படத்தின் ஓர் அடிச் சுருளும் எஞ்சவில்லை.