புகை, சத்தம்... அப்புறம் குப்பை?

வருஷா வருஷம் தீபாவளி வந்தா பதிவுலகத்துல ரெண்டு கோஷ்டி கெளம்பிடும். "பட்டாசைத் தடை செய்"னு ஒண்ணு. "சிவகாசிக்காரன் வயித்துல அடிக்காதே"ன்னு இன்னொண்ணு. புகை பத்திப் பேசியாச்சு, பொழப்பு பத்தியும் பேசியாச்சு. குப்பையைப் பத்தி மட்டும் யாரும் வாயத் திறக்கிறதில்லை.

2018 அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றம் சரவெடிக்குத் தடை போட்டது. சொன்ன காரணம் மூணு: காத்து மாசு, சத்தம், திடக்கழிவு. ஆமாங்க, குப்பையும்தான். நம்ம சண்டையில அந்த மூணாவது காரணம் மட்டும் காணாமப் போச்சு.

பட்டாசுக் குப்பைன்னா வெறும் செவப்புக் காகிதம்னு நெனைக்காதீங்க. திரி மட்டும் எரிஞ்சு வெடிக்காம நின்னதும் அதுக்குள்ளதான் கெடக்கு. கந்தகம், வெடியுப்பு, அலுமினியத் தூள் எல்லாம் உள்ளே அப்படியே. மறுநாள் காலையில அதை அள்ளுறது தூய்மைப் பணியாளர். சென்னை மாநகராட்சி இதைத் தனியாச் சேர்த்து, கும்மிடிப்பூண்டியில உள்ள அபாயக் கழிவு மையத்துக்கு அனுப்பியிருக்கு. சென்னையில அபாயக் கழிவா இருக்கிறது, மத்த ஊர்ல மட்டும் சாதாக் குப்பையா மாறிடுமா?

தயாரிக்கிற இடத்துக்கே வாங்க. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை ஆலைகள்ல தேறாத வெடி, சிந்தின மருந்து, பெருக்கிக் கூட்டினதுன்னு கழிவு சேர்ந்துக்கிட்டேதான் இருக்கும். ஆலை வெடிச்சா நாடே அதிரும். 2012 முதலிப்பட்டி, 2021 அச்சன்குளம்னு பேராவது ஞாபகம் இருக்கும். கழிவை எரிக்கப் போய் ஒருத்தர் கருகினா மாவட்டப் பக்கத்துல நாலு வரி. அவ்வளவுதான்.

"தொழிலை அழிக்கப் பாக்குறியா?"ன்னு கேப்பீங்க. இல்லை சாமி. குப்பையில கருகுறவரும் அதே ஊர்க்காரர்தானே? தடை கோஷ்டிக்கும் ஒண்ணு: நாளைக்கே ஆலையெல்லாம் மூடினாலும் சேர்ந்த கழிவு காத்துல கரைஞ்சிடாது.

பிளாஸ்டிக் தயாரிக்கிறவர் அந்தக் கழிவைத் திரும்பச் சேகரிக்கப் பொறுப்புன்னு 2016-லேயே விதி வந்துச்சு. பட்டாசுக்கு ஏன் அதே நியாயம் கூடாது? முதலாளி அண்ணாச்சிகளே, இன்னைக்கு எத்தனை கிலோ கழிவு, எங்கே, யார் முன்னால அழிச்சீங்கன்னு எழுதி ஆலை வாசல்ல ஒட்டுங்க. கொளுத்துற நாமளும் வெடிக்காததைத் தண்ணி வாளியில ஊறப்போட்டு, தனிச் சாக்குல கட்டிக் கொடுப்போம். கொளுத்தத் தெரிஞ்ச கைக்குக் கூட்டத் தெரியாதா?

டிஸ்கி: இந்தப் பதிவுக்காக ஆட்டோ அனுப்புறவங்க காலி வண்டியா அனுப்பாதீங்க. நாலு சாக்கும் ரெண்டு ஜோடி கையுறையும் வச்சு அனுப்புங்க. வேலை இருக்கு.