கொம்பும் துரும்பும்

போன வைகாசியில் சினிமாவில் உதவி இயக்குநராக இருக்கும் இளம் நண்பர் ஒருவர் என்னைப் பாஞ்சாலங்குறிச்சிக்கு அழைத்துப் போனார். 1974இல் அரசு கட்டிய நினைவுக் கோட்டையைப் பார்த்து முடித்து, பழைய கோட்டை மண்ணோடு மண்ணாகக் கிடக்கும் இடத்தில் நின்றோம். "அண்ணாச்சி, இத வைக்கிங் படம் மாதிரி எடுக்கணும்" என்றார். கைபேசியில் ஒரு துண்டுப் படமும் காட்டினார். பனி, நீலம் பாய்ந்த ஒளி, சடைபோட்ட தாடிக்காரர்கள், கோடரி. கச்சான் காற்று புழுதியை வாரி அந்தத் திரையின்மேலேயே அடித்தது. அவர் துடைத்துவிட்டு மறுபடியும் காட்டினார். அங்கே நான் பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன், அவரைப் போல நினைப்பவர்கள் இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள்.

முதலில், நாம் வாய்பிளந்து பார்க்கும் அந்த வடதேசம் வடதேசமே அல்ல. நண்பர் காட்டிய 'வைக்கிங்ஸ்' தொடர் (2013–2020) பெரும்பாலும் அயர்லாந்தின் விக்லோ பகுதியில் எடுக்கப்பட்டது. 'தி லாங் ஷிப்ஸ்' (1964) யூகோஸ்லாவியாவில் எடுத்தது. 'தி நார்த்மேன்' (2022) கதை ஐஸ்லாந்தில் நடக்கிறது. படம் பெரும்பாலும் வட அயர்லாந்தில் பிடிக்கப்பட்டது. வைக்கிங் என்றதும் பாமரனுக்கும் படித்தவனுக்கும் ஒருசேர நினைவுக்கு வரும் அந்தக் கொம்பு வைத்த தலைக்கவசம் 1876இல் பேராய்ட் நகரில் வாக்னரின் இசைநாடகத்துக்கு உடை வரைந்த கார்ல் எமில் டோப்ளர் நிலைநாட்டிய ஜோடனை. மண்ணைத் தோண்டியவர்களுக்கு வைக்கிங் காலத்துக் கொம்புக் கவசம் ஒன்றுகூட இன்றுவரை கிடைக்கவில்லை. ஆக, நாம் காப்பியடிக்க விரும்புவது ஒரு காப்பியை.

இடம் மாற்றி எடுப்பதே குற்றம் என்பதல்ல என் கட்சி. ஸ்வீடனின் விக்டர் ஷோஸ்ட்ரோம் 1918இல் ஐஸ்லாந்துக் கதை ஒன்றை மௌனப்படமாக எடுத்தார். சட்டத்துக்குத் தப்பி மலையேறும் ஒருவனும் அவன் மனைவியும் பற்றிய கதை. உலகப் போர் நடந்த காலம். ஐஸ்லாந்துக்குப் போக முடியாமல் ஸ்வீடனின் வடக்கு மலைகளில் படம் பிடித்தார். ஆனாலும் அது பொய்யாகவில்லை. அந்த மலை அவர்களுக்கு முதலில் ஒளிவிடம் தருகிறது, பிறகு பசி தருகிறது, கடைசியில் பனியில் மூடிக்கொள்கிறது. மனிதர்கள் செய்வதை நிலம் தீர்மானிக்கிறது. ஹ்ராஃப்ன் குன்லாக்ஸனின் ஐஸ்லாந்துப் படம் (1984) வைக்கிங்குகளைப் பழிவாங்க வரும் ஓர் அயர்லாந்து இளைஞனைப் பற்றியது. அதில் ஹாலிவுட்டின் பளபளப்பு கிடையாது. கறுப்பு மண், குட்டையான குதிரைகள், ஈரக் கம்பளி. அந்த நிலத்தில் வீரம் இந்த அளவுக்குத்தான் வளர முடியும் என்று படம் சொல்கிறது.

இன்னொரு உதாரணம் நமக்கு இன்னும் நெருக்கமானது. நில்ஸ் கௌப் 1987இல் 'பாத்ஃபைண்டர்' எடுத்தார். சாமி மொழியில் வந்த முதல் முழுநீளப் படம். மிகச் சிலரே பேசும் மொழி. அந்தச் சனங்கள் வாய்வழியாகக் காத்துவைத்த கதை. கொள்ளைக்காரர்களுக்கு வழிகாட்டுவதுபோல் நடித்து அவர்களைச் செங்குத்துப் பாறைக்குக் கொண்டுபோய்க் கவிழ்க்கும் ஒரு பையன். அவனுடைய ஆயுதம் நிலம் பற்றிய அறிவு மட்டுமே. 2007இல் ஹாலிவுட் இந்தக் கதையை வாங்கி என்ன செய்தது? சாமிகளைத் துரத்திவிட்டது. கதையை அமெரிக்கக் கரைக்கு நகர்த்தி, கொள்ளைக்காரர்களை வைக்கிங்குகளாக்கி, தலையில் கொம்பும் வைத்தது. ஒரு சனத்தின் ஞாபகம் எப்படி வேஷமாகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். நண்பர் என்னிடம் கேட்டது இந்த இரண்டாவது படத்தை.

இனி நம் கதைக்கு வருகிறேன். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வகுத்த மொழி நம்முடையது. நம் சினிமாக்காரர்களுக்கோ நிலம் என்பது பின்னால் தொங்கும் படுதா. 'மாற்றான்' (2012) ஒரு பாட்டுக்காக நார்வே போனது. அந்த மலைகளுக்கும் பாட்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. 'கங்குவா' (2024) 1070ஆம் ஆண்டு என்று தேதி போட்டது. ஆனால் தோலும் எலும்பும் மாட்டிய அதன் வீரர்கள் எந்தத் தமிழ் மண்ணிலும் நடந்தவர்கள் அல்லர். அயல்நாட்டுத் தொடர்களிலிருந்து கரையேறியவர்கள். சோழர் காலத்துத் தமிழனைக் கற்பனை செய்யக்கூட நமக்கு இரவல் கண் தேவைப்படுகிறது.

இந்த நோய் புதிதல்ல. பி.ஆர். பந்துலுவின் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' 1959இல் வந்தது. 1960இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிவாஜி கணேசனுக்கும் இசையமைத்த ஜி. ராமநாதனுக்கும் விருது கிடைத்தது. மேடை நாடகமாகத் தொடங்கி மேடை நாடகமாகவே முடிந்த படம். அந்தத் தளத்தில் அதன் வலிமையை நான் மறுக்கவில்லை. மறுக்க எனக்கு யோக்கியதையும் இல்லை. பள்ளி ஆண்டுவிழாவில் அட்டை வாளைப் பிடித்துக்கொண்டு அந்த வசனங்களை முழங்கி எவர்சில்வர் டம்ளர் பரிசு வாங்கியவன் நான். போர்க்காட்சிகளை ஜெய்ப்பூரில் எடுத்தார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது. எங்கள் கரிசலும் உடைமரமும் பனையும் இல்லாமலே பாஞ்சாலங்குறிச்சி உலகம் சுற்றிவந்திருக்கிறது. அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. படம் 1799 அக்டோபரில் கயத்தாற்றுத் தூக்குமரத்தோடு முடிந்துவிடுகிறது. பாஞ்சாலங்குறிச்சியின் உண்மையான சினிமா அதற்குப் பிறகே தொடங்குகிறது.

1801 பிப்ரவரி 2ஆம் தேதி பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து ஊமைத்துரை தப்பினார். இடித்துத் தள்ளிய கோட்டை ஒரு வாரத்துக்குள் மறுபடியும் எழுந்து நின்றது. தூத்துக்குடியைப் பிடித்தார்கள். மார்ச் 31இல் கம்பெனிப் படை தாக்கித் தோற்றுத் திரும்பியது. மே 24இல்தான் கோட்டை விழுந்தது. நவம்பரில் ஊமைத்துரையை அதே பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிட்டார்கள். எதிர்த்தரப்பில் நின்று சண்டை போட்ட ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் வெளியிட்ட தன் நினைவுக் குறிப்புகளில் அந்த வாய்பேசாத மனிதரைப் பற்றி எழுதியிருக்கிறான். வைக்கோல் துரும்புகளைப் பொறுக்கி இடது உள்ளங்கையில் அடுக்குவாராம். அது வெள்ளைக்காரன் படை. எப்போது, எப்படி என்று சைகை காட்டிவிட்டு மறுகையால் ஒரே வீச்சாகத் துடைத்தெறிவாராம், வாயால் ஒரு சீற்றம். அதுதான் தாக்குதலுக்கு உத்தரவு.

ஒரு கை, சில துரும்புகள், ஒரு ஓசை. இது சினிமா இல்லை என்றால் வேறு எது சினிமா? சரித்திரம் நமக்கு வசனமே தேவைப்படாத ஒரு நாயகனைக் கொடுத்தது. வசனத்தில் பிழைக்கும் நம் சினிமா பேசுகிற அண்ணனை எடுத்துக்கொண்டு பேசாத தம்பியைப் பக்கப் பாத்திரமாக ஒதுக்கியது.

அதே வெல்ஷ் சொல்லும் இன்னொரு காட்சி. கோட்டை விழுந்த அன்று குவிந்துகிடந்த உடல்களுக்கிடையே பெண்கள் தங்கள் ஆட்களைத் தேடுகிறார்கள். ஒரு தாய்க்கு மகன் குற்றுயிராகக் கிடைக்கிறான். என்னை விடு, பக்கத்தில் கிடக்கும் சாமியைக் காப்பாற்று என்கிறான் மகன். பெண்கள் ஊமைத்துரையைத் தூக்கிப் போகிறார்கள். எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்ததும் துணியால் மூடி, அம்மை கண்டு செத்த பிள்ளை என்று ஒப்பாரி வைக்கிறார்கள். வந்தவர்கள் விலகிப் போகிறார்கள். அம்மை என்றால் இந்த மண்ணில் என்ன அர்த்தம் என்று தெரிந்த பெண்களின் தந்திரம் இது. சாமிப் பையனின் பாறைக்கும் இந்தத் துணிக்கும் வித்தியாசம் இல்லை. ஜெய்ப்பூரிலோ நார்வேயிலோ இந்தக் காட்சி முளைக்காது.

இந்தக் கரைக்கே மௌனம் பழக்கம். 1961 வரை தூத்துக்குடியில் முத்துச் சலாபம் நடந்தது. கல்லைக் கட்டிக்கொண்டு கீழே போனவனுக்கும் மேலே கயிறு பிடித்தவனுக்கும் நடுவே ஒரு சுண்டல்தான் பாஷை. உயிர் அதில் இருந்தது.

பணம் வேண்டாமா என்று நண்பர் கேட்பார். துரும்புக்கு என்ன பணம்? கொம்புக்குத்தான் பணம் வேண்டும். கம்பெனிக்காரன் தன் பக்கத்துச் செத்தவர்களுக்குப் பாஞ்சாலங்குறிச்சியில் கல்லறை கட்டிவிட்டுப் போனான். நம் பக்கத்துச் செத்தவர்களுக்கு அந்த மண்மேடுதான் மிச்சம். அதன்மேல் பனியைக் கொட்டி நீலச் சாயம் பூசி இன்னொரு தடவை புதைக்கச் சொல்லாதீர்கள், தம்பி. வருகிற வைகாசியில் வசனமே இல்லாமல், அந்த வெயிலில், அந்தப் புழுதியில், பத்து நிமிஷம் எடுத்துக்கொண்டு வந்து காட்டுங்கள். அதற்குப் பிறகும் கோடரி வேண்டும் என்று தோன்றினால் பேசலாம்.